இடது பெடலின் வார்

மூன்றாவது வளைவிலேயே என் இடது தொடை எரிய ஆரம்பித்துவிட்டது. அது ஒன்றும் புதிதில்லை.

பின்னால் ஸ்கூட்டரில் போஸ்ட் மாஸ்டர் வந்துகொண்டிருந்தார். என் தபால் பை நிறைந்திருந்தது. காலைத் தரையில் ஊன்றாமல் உச்சி வரை ஏறிவிட்டால் இந்த மேட்டு வட்டாரத்துத் தபால் மறுபடி எனக்கு. ஊன்றினால் கடிதம் பிரிக்கிற மேசைதான், ஓய்வு பெறும் வரைக்கும்.

ஏறிவிடுவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பதினோரு வருடம் ஏறிய மேடு. எந்த வளைவில் எந்த நாய் குரைக்கும் என்பது வரை அத்துப்படி.

சந்தேகமெல்லாம் என் வலது காலின் மேல்தான்.

போன வருடம் எலும்பு முறிந்து நான்கு மாதம் மாவுக்கட்டில் கிடந்த கால் அது. கட்டைப் பிரித்தபோது தொடை பாதியாக இளைத்திருந்தது. எலும்பு கூடிவிட்டது என்றார் டாக்டர். ஆனால் சைக்கிளில் ஏறினால் விருந்தாளி மாதிரி பெடலில் சும்மா உட்கார்ந்து வரும். பாடுபடுவதெல்லாம் இடது கால். பாதி மேட்டில் அது துவண்டுவிடும். வலது காலுக்கோ ஒரு வலியும் இருக்காது. பழகிப் பார்க்க வந்து எத்தனை நாள் பாதியில் இறங்கித் தள்ளியிருக்கிறேன்.

போதாக்குறைக்கு என் வீட்டுக்காரர். ஊரில் உள்ள சைக்கிளையெல்லாம் சரிசெய்கிற மெக்கானிக். பெண்டாட்டியின் சைக்கிள் மட்டும் அவர் கண்ணில் படாது. பாதத்தைப் பெடலோடு சேர்த்துப் பிடிக்கும் தோல் வார், இடது பக்கம் மட்டும் காணாமல் போய் இரண்டு மாதம் ஆகிறது. கேட்டால் ஒரே பதில்தான்.

"அறுந்துபோச்சு. நாளைக்கு மாட்டித் தர்றேன்."

அந்த நாளை வரவே இல்லை. வார் இருந்தவரை இடது காலால் மிதிக்கலாம், மேலே இழுக்கவும் செய்யலாம். வலது காலின் வேலையையும் சேர்த்து அதுவே பார்த்துவிடும். இப்போது மிதிக்க மட்டும்தான் முடிகிறது. இன்று காலையும் நன்றாகத் திட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். அவர் காதில் வாங்காமல் என் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

நான்காவது வளைவு. கண்ணில் பூச்சி பறந்தது. ஸ்கூட்டர் சத்தம் நெருங்கியது.

ஐந்தாவது வளைவில்தான் வழக்கமாக இறங்குவேன். இறங்கவில்லை.

உச்சியில் தபால் பெட்டியைத் தொட்டுவிட்டுத்தான் காலை ஊன்றினேன். போஸ்ட் மாஸ்டர் ஹெல்மெட்டைக் கழற்றினார். அந்தப் பெட்டியின் சாவியை என் கையில் வைத்தார்.

பெட்டிக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். கடையை அடைத்துவிட்டுக் குறுக்குப் படிகளில் ஏறி வந்திருக்கிறார். சட்டை வியர்வையில் தெப்பலாக நனைந்திருந்தது.

அப்போதுதான் கவனித்தேன். வலது தொடை துடித்துக்கொண்டிருந்தது. இடது தொடை எவ்வளவு வலித்ததோ, அதே அளவு. ஒரு வருடத்தில் முதல் முறை. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏங்க, வலது கால் வலிக்குதுங்க," என்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தோல் வாரை எடுத்தார். குனிந்து இடது பெடலில் மாட்டத் தொடங்கினார்.

பழைய வார்தான். என் ஷூ உரசித் தேய்ந்த தடம்கூட அப்படியே இருந்தது. எங்கேயும் அறுந்திருக்கவில்லை.