உள்ளது உள்ளபடி

“ஒரு ஓட்டைக்கூட மாத்தக் கூடாது, டீச்சர். உள்ளது உள்ளபடி எண்ணி எழுதுங்க” என்றார் மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்திருந்த நசீரோவ்.

மவ்லுதா தலையை மட்டும் ஆட்டினாள். பதினெட்டு வருடமாக அந்தப் பள்ளிக்கூட வாக்குச்சாவடி அவள் பொறுப்பில். ஒவ்வொரு தேர்தலிலும், பெட்டியைத் திறக்கும் முன்பே எழுத வேண்டிய எண்ணிக்கை மேலிடத்திலிருந்து தொலைபேசியில் வந்துவிடும்.

வாசலில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது, பாதி விலைக்குச் சம்சா விற்றார்கள். தம்பி ஷோதி வந்து வீட்டிலிருக்கும் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் மேசையில் வைத்தான். வீட்டுக்கு ஒருவர் வந்து அத்தனை பேருக்கும் போட்டுவிட்டுப் போவதுதான் ஊர் வழக்கம்.

“ஏழு சீட்டு குடுக்கா. இந்தத் தடவையும் ஃபோன்லயே ஜெயிச்சாச்சா?”

“இல்லடா” என்றாள், குனிந்தபடியே. “நிஜமாவே எண்ணப் போறோம். மனசுக்குப் பட்டதைப் போடு.”

ஷோதி அவளையே பார்த்தான். அவன் பருத்திக் காட்டுக்கு வந்த வாய்க்கால் ஆளுநரின் பழத்தோட்டத்துக்குத் திரும்பி மூன்று வருடமாகிறது. ஏனென்று கேட்டதற்குப் பதினோரு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தவன்.

அவன் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வர வழக்கத்தைவிட நேரமானது.

மாலையில், நசீரோவ் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, எண்ணினார்கள். நாட்டுத் தலைவருக்கு நானூற்றுப் பதினொன்று. எதிர்க்கட்சி வேட்பாளருக்கு ஏழு. சுவரொட்டியில் தவிர அந்த வேட்பாளரை ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஏழு சீட்டும் ஒன்றுக்குள் ஒன்றாக மடிந்திருந்தன.

மவ்லுதா உள்ளதை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக அவளே எண்ணிய எண்ணிக்கை.

நசீரோவ் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். கோப்பிலிருந்து ஏற்கெனவே அச்சடித்த தாள் ஒன்றை எடுத்துக் கதவில் ஒட்டச் சொன்னார். அதில் எதிர்க்கட்சிக்கு அறுபத்திரண்டு.

“அவங்களுக்குக் கூட்டிப் போட்டிருக்கே, சார்?”

“வெளிநாட்டுலேருந்து பார்க்க வர்றவங்களுக்குப் போட்டி இருந்த மாதிரி தெரியணும்ல?” நசீரோவ் சிரித்தார்.

“அப்ப நான் எண்ணினது?”

“அது தலைவருக்கு. ஊரே கைதட்டுது. யாரு மனசார தட்டலைன்னு அவருக்கு வேற எப்படித் தெரியும்?”

வெளியே ஒலிபெருக்கி இன்னும் பாடிக்கொண்டிருந்தது.

நசீரோவ் வாக்காளர் பட்டியலை அவள் பக்கம் தள்ளினார்.

“ஏழு ஓட்டு உள்ள வீடு எது, டீச்சர்?”