முதல் கையெழுத்து

“இரண்டடி தந்தால் போதும் அக்கா. பள்ளிக்கூடப் பிள்ளையள் சைக்கிளில பயமில்லாமல் போய் வருவினம்.”

பாதையை அகலமாக்க அளவெடுக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்த உத்தியோகத்தன் அனோஜன் சம்மதத் தாளை நீட்டினான். மண்டைதீவின் அந்தக் குறுகலான ஒழுங்கையில் மற்ற எல்லோரும் வேலியைப் பின்னுக்கு நகர்த்தச் சம்மதித்துவிட்டார்கள். றோசலின் மட்டும் தாளிலிருந்த கையெழுத்துகளைப் பார்த்ததுமே பேனையைத் திருப்பிக் கொடுத்தாள்.

“ஏலாது தம்பி.”

அனோஜனுக்குக் கோபம் வந்தது.

“முன்வீட்டுச் சூசைமுத்து அண்ணையைப் பாருங்கோ. கேட்க முதலே ஆறடி தந்து, முதல் ஆளாக் கையெழுத்து வைச்சவர். ‘இதில அடிபட்டுச் செத்த ஜெனிற்றாவுக்காக எடுங்கோ’ எண்டு அழுதவர். பிள்ளையைப் பறிகுடுத்த மனுசனே தாறார். உங்களுக்கு இரண்டடி பெரிசாப் போச்சோ?”

றோசலின் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“அவர் அழத்தான் செய்வார். அவற்ற வாகனம்தான் அடிச்சது. ஜெனிற்றா என்ர பிள்ளை.”

அனோஜனின் கையிலிருந்த அளவுநாடா கீழே விழுந்தது. றோசலின் அதை எடுத்து, ஒரு நுனியைத் தன் வேலியில் பிடித்தாள்.

“என்னட்டையும் ஆறடி எடும். ஆனா வேறை கடுதாசி கொண்டு வாரும். அவற்ற பேருக்குக் கீழ நான் கையெழுத்து வைக்க மாட்டன்.”