நீலமாகிப்போன இலை

"மறுபடியும் கேக்கறேன். என்ன நிறம் வந்துச்சு?"

"கருநீலம், மேடம்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. விரிவுரையாளர் சிரிக்கவில்லை. வேலைக்கு வந்த முதல் வருடம். சிரிக்கும் அளவுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

முதலாண்டு உயிரியலிலேயே எளிய சோதனை இது. தொட்டிச் செடியை இரண்டு நாள் இருட்டறையில் பூட்டி வைக்க வேண்டும். வெயில் இல்லாத செடி சமைக்காது. இலையில் மிச்சமிருக்கும் மாவுச்சத்தையும் தின்று தீர்த்துவிடும். பிறகு அந்த இலையை வேகவைத்து, பச்சை போக வெளுத்து, அயோடின் விட்டால் பழுப்பாகத்தான் நிற்கும். மாவுச்சத்து இருந்தால்தான் கருநீலம். இதே லேபில் படித்தபோது இவள் முழு மதிப்பெண் வாங்கிய சோதனை.

ஆளுக்கொரு தொட்டி. எல்லாரும் பழுப்பு என்று எழுதிவிட்டு, இலையைக் குப்பையில் போட்டுவிட்டுக் கையும் கழுவியாயிற்று. இவன் ஒருவன்தான் கருநீலம் என்கிறான். எடுத்ததற்கெல்லாம் கையைத் தூக்குவதால் 'சந்தேகம்' என்று பெயர் வாங்கியவன்.

"புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு?"

"பழுப்புன்னுதான் போட்டிருக்கு மேடம். என் செடி புஸ்தகம் படிக்கலை போல."

"வாய் மட்டும் வக்கணையா இருக்கு. செடியை வராந்தாவுலயே விட்டுட்டியா?"

"நீங்கதானே மேடம் உள்ள வச்சுப் பூட்டினீங்க?"

அதுவும் வாஸ்தவம்தான். குழப்பத்தோடு துறைத்தலைவரிடம் போனாள்.

"இதுல என்னம்மா குழப்பம்?" என்றார் அவர். "வெளியில எங்கயோ ஒரு இலையைப் பறிச்சிட்டு வந்து ஏமாத்தறான். பூஜ்யம் போடு."

"இதுல பூஜ்யம்னா வருஷக் கடைசிப் பரீட்சை எழுத முடியாது சார். அவனுக்கு ஒரு வருஷம் போயிடும்."

"பாவம் பார்த்தா பாடம் நடத்த முடியாது. லேபுக்குள்ள வரும்போது இரக்கத்தைச் செருப்போட வாசல்லயே கழட்டி வச்சுடணும்."

அவள் படித்த காலத்திலிருந்து அவர் சொல்லிவரும் வாக்கியம்.

சரி என்று திரும்பியவள், மனசு கேட்காமல் பக்கத்துத் தொட்டியிலிருந்து ஓர் இலையைப் பறித்துச் சோதித்தாள். கருநீலம். அடுத்த தொட்டி. கருநீலம். எல்லாமே கருநீலம்.

வகுப்பு மொத்தமும் இலையைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறது. அது புரிந்தது. இலை ஏன் நீலமாகிறது என்பதுதான் புரியவில்லை.

அயோடினைச் சந்தேகப்பட்டுச் சர்க்கரையில் விட்டுப் பார்த்தாள். நிறம் மாறவில்லை, அயோடின் யோக்கியம்தான். கதவைச் சந்தேகப்பட்டு இடுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டினாள். பூட்டுக்குச் சாவி இரண்டு. ஒன்று அவள் கைப்பையில், இன்னொன்று தலைவர் மேசையில். இரண்டுமே சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவை. கடைசியில் தான் வாங்கிய பட்டத்தையே சந்தேகப்பட ஆரம்பித்தாள்.

செடிகளை மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினாள்.

"பூஜ்யம் போட்டாச்சா மேடம்?" வராந்தாவில் 'சந்தேகம்' வழிமறித்தான். முகத்தில் பழைய குறும்பு இல்லை.

"பென்சில்லதான் போட்டிருக்கேன். போ."

மறுநாள் சாப்பாட்டு வேளை. கேண்டீனில் உட்கார்ந்த பிறகுதான் மூக்குக்கண்ணாடியை லேபிலேயே விட்டுவந்தது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்தாள்.

லேப் வாசலில் தலைவரின் செருப்பு கிடந்தது. உள்ளே, இருட்டறைக் கதவு 'ஆ'வென்று திறந்திருந்தது. பின்பக்கப் படியில், நல்ல வெயிலில், தொட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நடுவில் தலைவர் குந்தியிருந்து பீக்கரால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"குடி, குடி. அந்தப் பொண்ணு வர்றதுக்குள்ள கொஞ்சம் வெயில் காஞ்சுக்கோ. ரெண்டு நாள் பட்டினி போட்டா எந்த உசுருதான் தாங்கும்?"

செருப்பை மட்டும்தான் கழற்றியிருந்தார்.

"சார்."

கையும் பீக்கருமாகப் பிடிபட்டவர் மெல்ல எழுந்தார். "இல்லம்மா... அதுங்களுக்குப் பசிக்குதுன்னு வாய்விட்டுச் சொல்லத் தெரியாது."

"சொல்லத் தெரிஞ்சவன் ஒருத்தன், பார்த்ததைப் பார்த்தபடி சொன்னான். அவனுக்குத்தான் பூஜ்யம் போடச் சொன்னீங்க."

தலைவர் பேந்தப் பேந்த விழித்தார். நடிப்பு இல்லை, நிஜமான குழப்பம்.

"அப்ப... நிஜமாவே நீலமாத்தான் வருதா?"

"வராம? மதியத்து வெயில்ல வச்சா?"

"நான் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து இப்படித்தாம்மா வெளியில எடுத்து வைக்கிறேன். ஒரு வருஷம்கூட ஒருத்தர்கூட நீலம்னு எழுதினதில்லை. சரி, இந்தக் கொஞ்ச வெயில் ஒண்ணும் பண்ணாது போலன்னு இருந்துட்டேன்." பீக்கரைக் கீழே வைத்தார். "ஏன், நீயும் பழுப்புன்னுதானே எழுதின?"

அவள் யோசித்துப் பார்த்தாள். அந்த வருடம் எழுதியது நன்றாக நினைவிருந்தது. இலையைப் பார்த்ததுதான் நினைவில் இல்லை.

மேசைக்குப் போய், பென்சிலில் போட்டிருந்த பூஜ்யத்தை ரப்பரால் அழுத்தி அழித்தாள்.

அதை இனி யாருக்குப் போடுவது என்றுதான் தெரியவில்லை.