சுவரில் மாட்டிய காரணம்

காலை வெயில் சுவரிலிருக்கும் கண்ணாடிச் சட்டத்தில் பட்டு மருத்துவரின் கண்ணைக் கூசவைக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம்தான் ஒதுக்க முடிந்தது, அதனால்தான் ஊசி மாத்திரையை விட்டு இயற்கை மருத்துவத்துக்கு வந்தேன் என்று அவரே எழுதி மாட்டிய சட்டம் அது. வைத்தியத்துக்கு வந்திருக்கும் டீச்சரம்மாவிடம் ஒரு மணி நேரமாக மன்றாடுகிறார். "மார்புல இருக்கற கட்டிக்கு மண் பத்து போடறது போதாதும்மா. இன்னிக்கே ஆபரேஷன் டாக்டரைப் பாருங்க." அவர் நீட்டும் பரிந்துரைக் கடிதத்தை டீச்சரம்மா தொடவில்லை. சுவரைக் காட்டிச் சிரிக்கிறார். "என்ன டாக்டர், நீங்களே வேணாம்னு உதறிட்டு வந்த இடத்துக்கு என்னைப் போகச் சொல்றீங்களே!" மருத்துவர் விருட்டென எழுந்து சட்டத்தைக் கழற்றுகிறார். "கழட்டினா என்ன, எனக்குத்தான் மனப்பாடமாச்சே" என்றபடி டீச்சரம்மா கட்டிலில் ஏறிப் படுத்து, குழைத்த மண்ணுக்காகக் கண்ணை மூடிக்கொள்கிறார்.