கடாய் விழுந்தபோது

கோமதி கண்ணை மூடிக்கொண்டு, "போடுங்க அத்தான்," என்றாள். சங்கரவேல் இரும்புக் கடாயைக் குழந்தையின் தலைமாட்டில் தரையில் போட்டான். பாயில் கிடந்த நாலு மாதச் சிவகாமி தூக்கிவாரிப்போட்டு வீறிட்டாள். இருவரும் சிரித்தார்கள். "பிள்ளைய அழவச்சுச் சிரிக்கிற ஒரே அம்மா நீதாம்ட்டீ," என்றான் சங்கரவேல்.

அவன் கோமதிக்கு அத்தை மகன். கட்டினால் அவனைத்தான் என்று நின்று கட்டிக்கொண்டவள். அவனுடைய தம்பி குமரேசனுக்குப் பிறவியிலேயே காது கேளாது. "உங்க ரெண்டு பேருக்கும் நல்லாக் கேட்கும். ஆனா அந்தக் குறை ரெண்டு பேர்கிட்டயும் மறைஞ்சிருக்கலாம். ரெண்டும் பிள்ளைகிட்ட சேர்ந்தா வெளிய வந்துடும்," என்று டாக்டர் சொன்னதிலிருந்து இருவருக்கும் சோறு இறங்கவில்லை. பரிசோதனைக்கு வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தார். அதுவரை பொறுக்க முடியவில்லை.

சிரிப்பு அடங்குமுன் கதவு திறந்தது. பக்கத்து அறையில் வெறுந்தரையில் படுத்திருந்த குமரேசன், தூக்கம் கலைந்த கண்களோடு நின்றான். என்ன விழுந்தது என்று கையால் கேட்டான். பிறகு தரையைத் தட்டி, அது அதிர்ந்ததென்று தன் முதுகைத் தொட்டுக் காட்டினான்.

கோமதி குழந்தையை வாரிக்கொண்டு கட்டிலில் ஏறினாள். அழுகை ஓய்ந்ததும் அதன் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்பப் பேரச் சொல்லிக் கூப்பிடுங்க அத்தான்."

சங்கரவேல் பின்னால் வந்து நின்றான். மகளின் பிடரியில் வேர்வையில் ஒட்டியிருந்த முடியைப் பார்த்தபடி உதடுகளை அசைத்தான். குரல் வரவில்லை. அண்ணன் கூப்பிட்டுவிட்டதாக நினைத்து, குமரேசன் ஆவலோடு குழந்தையைப் பார்த்தான்.