ஆறே ஆறு படி

“மேடம், நம்ம கட்டடத்துல படி இறங்க முடியாதவங்க யாருமே இல்ல. சர்வே எடுத்தாச்சு” என்றார் குடியிருப்போர் சங்கத் தலைவர்.

“எப்ப சார் எடுத்தீங்க? என் வீட்டுக்கு யாரும் வரலையே?”

கேட்டவர், இரண்டாம் மாடியில் தையல் மிஷின் போட்டிருக்கும் பெண்மணி. ஞாயிற்றுக்கிழமை காலை, சங்க அறையில் மாதாந்திரக் கூட்டம். லிஃப்டிலிருந்து வெளியே வந்தால் தெருவுக்கு இறங்க ஆறு படி இருக்கிறது. அதன் ஓரமாகச் சக்கர நாற்காலி இறங்க ஒரு சாய்வுப் பாதை வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். கேட்டுப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

“வீடு வீடா ஏறி இறங்க முடியுமா?” என்றார் செயலாளர். “கேட்ல நோட்டீஸ் ஒட்டினோம். ‘படி இறங்க இயலாதோர் இங்கு வந்து கையெழுத்திடவும்’னு. பதினஞ்சு நாள் இருந்துச்சு. ஒரு கையெழுத்துகூட விழல.”

“அந்த கேட்டே படிக்குக் கீழேதானே இருக்கு சார்!”

“நோட்டீஸ் ஒட்டற இடம் அதுதான். விதியிலயே இருக்கு.”

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு, தலைவர் திரும்பியதும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

“முதல்ல அழகுபடுத்தும் குழுவுக்கு அனுப்பினீங்க. அந்தக் குழுவுல இருந்த ஒரே ஆளும் வீட்டை வித்துட்டுப் போயிட்டார்” என்றார் தையற்காரம்மா.

“அதுக்கப்புறம் இது புதுக் கட்டுமானமா, பழசுல ஒரு மாற்றமான்னு முடிவு பண்ண இன்னொரு குழு போட்டோமே, அதைச் சொல்ல மாட்டீங்களே!” என்று தலைவர் மனம் நொந்தார்.

“அந்தக் குழு என்ன முடிவு பண்ணுச்சு?”

“அந்தக் குழுவுக்கு யாரைத் தலைவராப் போடறதுன்னு பேசிட்டு இருக்காங்க” என்றார் செயலாளர்.

தலைவர் எழுந்தார். “சரி மேடம், கஷ்டப்படறது யாரு? பேரைச் சொல்லுங்க.”

“சொல்லக் கூடாதுன்னுட்டாங்க சார். துணிக்கு அளவெடுக்கப் போனப்பதான் எனக்கே தெரிஞ்சுது. ரெண்டு வருஷமா வீட்டை விட்டு இறங்கல. மழை விட்டதும் தெரு எப்படி இருக்கும்ங்கறதே மறந்துபோச்சும்மான்னாங்க.”

முன்வரிசையில் இரண்டு பேர் உச்சுக்கொட்டினார்கள். தலைவருக்கு அது பிடிக்கவில்லை.

“அந்த வீட்டு ஆளுங்க என்ன பண்றாங்க? ரெண்டு வருஷமா ஒரு மனுஷியை உள்ளேயே உட்கார வெச்சிருக்காங்களே, அவங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா? அவங்களை விட்டுட்டு சங்கத்தை வந்து கேக்கறீங்க!”

செயலாளர் கைதட்டினார். மற்றவர்களும் தட்ட வேண்டியதாயிற்று.

“பாதிக்கப்பட்டவங்க கைப்பட எழுதின மனுவைக் கொண்டு வாங்க. இந்த நிமிஷமே தீர்மானம் போடறேன்” என்று தலைவர் உட்கார்ந்தார்.

தையற்காரம்மா எழுந்து போனார். இனி வரமாட்டார் என்ற நிம்மதியில், சங்கம் பூந்தொட்டிக்குப் பச்சை வண்ணமா, பழுப்பு வண்ணமா என்ற விவாதத்தில் இறங்கியது. அதற்கும் ஒரு குழு போட்டு முடித்தபோது அவர் மூச்சு வாங்க வந்து நின்றார். கையில் ஒரு தாள்.

“முதல்ல எழுத மாட்டேன்னுதான் சொன்னாங்க. வீட்டு ஆளுங்களை நீங்க திட்டினதைச் சொன்னேன் சார். உடனே பேனா கேட்டாங்க.”

தலைவர் பெருமையாகச் சபையைப் பார்த்தார். “சத்தமாவே படிங்க, எல்லாரும் கேக்கட்டும்.”

செயலாளர் தாளின் மேல்பாதியை ஆராய்ந்தார். தேதி இருந்தது, பொருள் இருந்தது, திருப்பி அனுப்ப ஒரு குறையும் இல்லை. வேறு வழியில்லாமல் படித்தார்.

“‘மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு, வணக்கம். வாசல் படி ஓரம் ஒரு சாய்வுப் பாதை அமைத்துத் தரப் பணிவுடன் வேண்டுகிறேன். தாங்கள் சாப்பிடும்போது இதை மூன்று முறை நேரில் சொல்லிப் பார்த்தேன்...’”

செயலாளர் நிறுத்தித் தலைவரைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி மீதியைப் படித்தார்.

“‘எதுவானாலும் சங்கத்துக்கு எழுதிக் கொடு என்று சொல்லிவிட்டீர்கள். ஆகவே எழுதியிருக்கிறேன். இப்படிக்கு, தங்களைப் பெற்ற அம்மா.’”