கல்லில் வெட்ட ஒரு பெயர்

“இன்னிக்கும் வேண்டாம்னா அப்புறம் எப்பத்தான்மா பேர் வெட்டறது?”

ரோஸ்மேரி கத்திய கத்தலில் பக்கத்துக் கல்லறைகளில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கல் கொத்துகிற வெள்ளியங்கிரி உளியைப் பிடித்தபடி அம்மாவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

அன்று கல்லறைத் திருநாள். குன்னூர் கல்லறைத் தோட்டத்தில் எஸ்டேட் கிளார்க்கின் மாமியாருக்குக்கூடப் பளபளவென்று பெயர் பொறித்த கல் நின்றது. அப்பாவோ ஜெர்மன் சண்டைக்குப் போனவர், எஸ்டேட் காவல்காரர், ஊரே ‘பட்டாளத்தாரே’ என்று மரியாதையாகக் கூப்பிட்ட மனிதர். அவர் தலைமாட்டில் மட்டும் மொட்டைக் கல். இன்னும் நாலு மழை பெய்தால் இது யாருடைய குழி என்றே தெரியாமல் போய்விடும். அதை நினைத்து நினைத்து ரோஸ்மேரிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

எப்பேர்ப்பட்ட அப்பா! மழை நாளில் கோணிச் சாக்கைக் கொங்காடையாக மடித்து அவள் தலையில் கவிழ்ப்பார். அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் வரை நடப்பார். இன்று அதே பள்ளிக்கூடத்தில் அவள் டீச்சர் என்றால், அது அந்தத் தோள் போட்ட பிச்சை.

அவர் பட்டாளத்தில் சேர்ந்த பிறகுதான் அம்மா கைக்குழந்தையோடு மலையேறித் தேயிலை பறிக்க வந்தாள். ‘அப்பா காக்கி உடுப்புப் போட்டுட்டு வருவாரு’ என்று சொல்லிச் சொல்லியே மகளுக்குச் சோறு ஊட்டினாள்.

அவர் வந்த நாள்தான் ரோஸ்மேரியின் முதல் நினைவு. எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் காக்கி உடுப்போடு வந்து நின்றார். “அப்பா!” என்று ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமலே அவளை வாரித் தூக்கிக்கொண்டு அழுதார்.

அதற்கப்புறம் சண்டையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. வருஷா வருஷம் இதே நாளில், செத்துப்போன கூட்டாளிக்கு என்று பெரிய சிலுவையின் அடியில் ஒரு மெழுகுவத்தி ஏற்றுவார். ஏற்றிவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொள்வார். அதன் பக்கத்தில் நின்று அழுவது அம்மாதான். அம்மாவுக்கு இளகின மனசு என்று ரோஸ்மேரி நினைத்துக்கொள்வாள்.

“ஏனுங்க, தனசிங் ஊட்டுக்காரங்க நீங்கதானுங்களா? லைன்ல கேட்டேன், இங்க இருப்பீங்கன்னாங்க.”

பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கிழவர் கைத்தடி ஊன்றி வந்தார். பழைய பட்டாளத்துக் கோட்டு போட்டிருந்தார். பேர் செலஸ்டின் என்றார். தனசிங்கும் அவரும் சண்டையின்போது பஸ்ராவில் ஒரே கூடாரமாம். வெலிங்டனில் மகள் வீட்டுக்கு வந்த இடத்தில், கூட்டாளியின் குழந்தையை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

ரோஸ்மேரிக்குத் தலைகால் புரியவில்லை. “நான்தானுங்கய்யா தனசிங்கோட கொழந்தை! எங்கப்பாவப் பத்திச் சொல்லுங்க!”

“என்னமாப் பாடுவான்னு நெனைக்கறே! அவன் பாடினாத்தான் எங்களுக்குத் தூக்கமே வரும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எங்கப்பாவா? கோயில்ல கூட வாயத் தொறக்க மாட்டாருங்க. சண்டைதான் அவர அப்படி ஆக்கிருச்சாட்ட இருக்குது.”

கிழவர் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார்.

அம்மா சட்டென்று மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். “தூறல் போடுது. ஊட்டுக்குப் போலாம் வா.”

ரோஸ்மேரிக்கு ஒரு சந்தேகம் தட்டியது. அப்பா பட்டாளத்தை விட்டு ஓடிவந்தவரோ? அதனால்தான் அம்மா பேர் வெட்ட விடாமல் இழுத்தடிக்கிறாளோ? அப்படியே இருந்தாலும் அவர் அவளுடைய அப்பா. கையை உதறிக்கொண்டு கிழவரிடம் திரும்பினாள்.

“எதுவா இருந்தாலும் மறைக்காமச் சொல்லுங்கய்யா. எங்கப்பா ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டாருங்களா?”

“தப்பா? தங்கமான மனுசன்மா. பாழாப்போன காலராவுல போயிட்டான். பஸ்ராவுல இந்தக் கையாலதான் அவனுக்கு மண்ணள்ளிப் போட்டேன்.” கிழவர் கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். “ஊருக்குத் திரும்பறப்ப உங்ககிட்டச் சேதி சொல்லச் சொல்லி தேவநேசன்னு ஒருத்தன அனுப்பினோமே. முன்னப் பின்ன யாருமில்லாத பையன். அவன் வந்தானுங்களாம்மா?”

அம்மா முக்காட்டைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள்.

“வந்தாருங்க. காக்கி உடுப்போட வாசல்ல வந்து நின்னாரு. இவதான் சேதியச் சொல்ல விடல.”

ரோஸ்மேரி மண்மேட்டின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெரிய சிலுவையின் அடியில், காலையில் அம்மா ஏற்றிவைத்த மெழுகுவத்தி காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. இனி என்ன சொல்லப்போகிறாளோ என்று அம்மா மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளியங்கிரி தொண்டையைச் செருமினார். “மழை புடிச்சுக்குமுங்க அம்மணி. என்ன பேருன்னு வெட்டட்டுமுங்க?”

ரோஸ்மேரி அந்த மொட்டைக் கல்லைத் தடவிக்கொடுத்தாள்.

“தேவநேசன்னு வெட்டுங்க. அதுக்குக் கீழ, ரோஸ்மேரியோட அப்பான்னு வெட்டுங்க.”